மாக்கிரட்டின் பகிடிப் படத்துக்கு மன்றம் அனுமதி வழங்கிய விதம்

2006ஆம் ஆண்டு மாசி மாதம், மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர் ஒன்றுகூடல் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் கிடைத்தது. விண்ணப்பதாரர் மாக்கிரட், வில்லரேயில் ஒரு கார்டெறியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைப்பவள். வேண்டுகோள்: மன்றத்தின் ஞாயிறு படக்காட்சியில் ஒரு பிரித்தானியப் பகிடிப் படம் போடவேண்டும்.

லண்டனிலிருந்து தங்கை அனுப்பிய டிவிடியால் வந்த பித்து அது. பார்த்தால் அசல் துப்பறியும் படம். அதே மழை, அதே பங்களா, அதே தொப்பி. பிரபு கொலையுண்டு கிடப்பார். துப்பறிவாளர் பூதக்கண்ணாடியோடு குனிவார். அந்த நேரம் பார்த்து நாலு மணி அடிக்கும். விசாரணையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிப்பார்கள். மரியாதைக்குப் பிணத்துக்கும் ஒரு கோப்பை ஊற்றி, "சீனி எத்தனை கரண்டி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் மருந்துக்கும் சிரிப்பு இராது. மாக்கிரட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உருளுவாள்.

கணவன் பேனாட் அருகிலிருந்து பார்த்தான். "இஞ்சரும், ஆர் கொலைகாரன் எண்டு சொன்னீரெண்டால் நான் போய்ப் படுப்பன்."

தனியே சிரித்து அவளுக்கு அலுத்துப்போனது. நாலு பேரோடு இருந்து சிரிக்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

படிவத்தில் 'படத்தின் வகை: ஒன்றை மட்டும் தெரிவு செய்க' என்றிருந்தது. அவள் இரண்டில் சரி போட்டிருந்தாள். செயலாளர் விமலநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளை, துப்பறியும் படம் எண்டும் போட்டிருக்கிறியள், நகைச்சுவை எண்டும் போட்டிருக்கிறியள்."

"ரண்டும்தான் அண்ணை. துப்பறியும் படங்களைப் பகிடி பண்ணுற துப்பறியும் படம்."

"பகிடி பண்ண அவையளிட்டை அனுமதி எடுத்ததோ?"

"ஆரிட்டை?"

"துப்பறியிற ஆக்களிட்டை."

இதன் பாரதூரம் கருதி விமலநாதன் உட்பட மூவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழு, மாக்கிரட் கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டபடி, படத்தை இரண்டு தடவை பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பக்கச்சார்பு என்று கருதப்படும். அறிக்கை பதினொரு பக்கம். 'பிணம் தேநீரை அருந்தவில்லை; ஆகவே அது வீண்விரயம். சிரிக்கத்தக்க இடங்கள் பதினேழு இனங்காணப்பட்டன. பதினெட்டாவது தொடர்பில் கருத்தொருமிப்பு எட்டப்படவில்லை.'

"அண்ணை, உங்களுக்கு ஒருக்காலும் சிரிப்பு வரேல்லையோ?" என்று மாக்கிரட் கேட்டாள்.

விமலநாதன் இரண்டு பக்கமும் பார்த்தார். "வீட்டை போய்ச் சிரிச்சனான்," என்றார் மெதுவாக.

இதற்கிடையில், பிரித்தானியப் பகிடி உயர்ந்த ரசனை என்று ஊருக்குள் கதை பரவிவிட்டது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிறவர்களும் அதைப்பற்றியே கதைத்தார்கள். மன்றமும் படத்துக்கு அனுமதி வழங்கித் துண்டுப்பிரசுரம் விட்டது: 'பேசுவோர் முகத்தில் சிரிப்பு இராது. விளங்கியவர்கள் சிரிப்பார்கள்.' விளங்காதவர் பட்டியலில் சேர யாருக்குத்தான் விருப்பம்? ஞாயிறு இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது.

தலைவர் தியாகலிங்கம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மேடையேறினார்.

"இத்திரைப்படம் தொடர்பான நடைமுறைகளைச் சபையோருக்கு விளக்குவது எனது தலையாய கடமை. விதி ஒன்று. சிரிப்பானது தலைவரின் கை உயர்ந்த பின்னரே ஆரம்பிக்கப்படும். கை தாழ்ந்ததும் நிறைவுபெறும்."

பின்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார்.

"தொடங்கிட்டுது! மனுசன் கண் இமைக்காமல் சொல்லுது பாருங்கோ. லண்டன்காரர் பிச்சை வாங்கோணும்!"

விளங்காதவர் என்று பெயர் வாங்கிவிடாமல் பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். தலைவருக்குக் கோபம் வந்தது. "அமைதி! இன்னும் நான் கையை உயர்த்தவில்லை!" என்று சத்தமிட்டு, சபையை அடக்கக் கையை உயர்த்தினார்.

மண்டபம் அதிர்ந்தது.

மாக்கிரட் முதலில் பதறினாள். டிவிடி கைப்பைக்குள் கிடந்தது, நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தலைவர் விதி மூன்றுக்கு வந்து, "உரத்த சிரிப்புக்கு எழுத்துமூல முன்னனுமதி அவசியம்," என்று வாசித்தபோது பேனாட் கண்ணீர் வழிய அவள் தோளில் சாய்ந்தான். அதற்கு மேல் அவளாலும் தாங்க முடியவில்லை. நூற்றைம்பது பேரோடு சேர்ந்து சிரித்தாள். இத்தனை நாள் ஏங்கியது கிடைத்தேவிட்டது.

தலைவர் விதிகளை வாசித்து முடிக்குமுன்னமே, ஐந்து மணிக்கு மண்டபத்தில் முறையுள்ள கராத்தே வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு உள்ளே வந்தார்கள். அதையும் பகிடியின் முடிவென்று நினைத்துச் சபை எழுந்து நின்று கைதட்டியது. படம் போடவில்லை என்பது ஒருவர் நினைவிலும் இல்லை.

அடுத்த மாதமே பக்கத்து ஊரான லொங்குய்யின் தமிழ்ச் சங்கம் தலைவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்தது. பிறகு மொன்றியலிலுள்ள சங்கங்கள் எல்லாம் பிரித்தானியப் பாணிக்கு மாறின. மாறியதாகத்தான் அறிவித்தன; பேச்சுகளில் ஒரு சொல்லையேனும் மாற்றவேண்டி வரவில்லை. சனம் சிரித்தது. தலைவர்மார் அதை 'அமோக வரவேற்பு' என்று கூட்டக் குறிப்பில் பதிந்தார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாக்கிரட் எழுந்தாள். "ஐயாமாரே, கும்பிட்டுக் கேக்கிறன், அந்தப் படத்தை ஒருக்கால் போடுங்கோவன்," என்று உண்மையாகவே கெஞ்சினாள்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் தலைவர்.

"இந்தப் பிள்ளையை அடுத்த வருசம் செயற்குழுவிலை போடோணும்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. ஏகமனதாக நிறைவேறியது.