பறவை மோதியது, விமானம் திரும்பியது

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை காலை, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் இருக்கும் காளியண்ணனின் செல்போனுக்கு, கோயம்புத்தூரிலிருந்து டெல்லிக்கு இரண்டு விமான டிக்கெட்டுகள் வந்தன.

அனுப்பியவள் மகள் தேன்மொழி. பேத்திக்கு முதல் பிறந்தநாள். குழந்தையைக் காளியண்ணனும் மனைவி பொன்னாயியும் இன்னும் வீடியோவில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமைங்க," என்று சொல்லிவிட்டுப் பொன்னாயி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள்.

காளியண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை இறங்கும் முன் சோளக்காடு என்ற ஊரில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பார். பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை இறக்குவார். பயம் என்கிற வார்த்தையை மற்றவர்களைக் கேலி செய்ய மட்டுமே பயன்படுத்தியவர். அவர் போய் "விமானம்னா எனக்குப் பயம்" என்று எப்படிச் சொல்வது?

பொன்னாயி பயந்தால் போதும். பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுத்தவர் என்ற பெயரும் கிடைக்கும். பேத்தியை ரயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானமே ஒரு வழி கிடைத்தது. விமானங்களில் நடக்கும் கோளாறுகளையெல்லாம், சின்னது பெரியது என்று பார்க்காமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போட்டு வைத்திருந்த ஒரு வலைத்தளம். செல்போன் அதைத் தமிழாக்கி, சத்தமாக வாசிக்கவும் செய்தது.

"பொன்னாயி, இதக் கேளு. நாஞ் சொல்லல, அவங்களே சொல்றாங்க."

'புறப்பட்ட சற்று நேரத்தில் இயந்திரத்தில் பறவை மோதியது. விமானம் திரும்பியது. காயம் இல்லை,' என்றது செல்போன்.

"பறவை என்னாச்சுங்களாம்?"

"அது செத்துருக்கும். விமானத்தப் பத்தி யோசி!"

"அதான் பத்திரமாத் திரும்பிருச்சேங்க. ஒரு குருவி இடிச்சதக்கூட மறைக்காம போட்டிருக்காங்க பாருங்க. நல்ல மனுசங்க."

காளியண்ணன் அடுத்ததைத் தட்டினார். 'இறங்கும்போது டயர் வெடித்தது.'

"உங்க வண்டியில வெடிக்காத டயரா?"

"அது வேற, இது வேற!"

"ஆமாங்க, வேறதான். உங்க வண்டியில வெடிச்சா, கூட்டம் ஜாஸ்தி, லேட்டாயிருச்சும்பீங்க." பொன்னாயி சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "ஏனுங்க, விமானத்துல பின்னாடியும் கதவு இருக்குதுங்களா?"

காளியண்ணனுக்கு உயிர் வந்தது. பயம் எட்டிப் பார்க்கிறது. "இருந்தா என்ன? நடுவானத்துல எறங்க முடியுமா?"

"சும்மா கேட்டனுங்க."

மறுநாள் துணைக்கு ஆள் பிடித்தார். அவருடைய பஸ்ஸில் கடைசிவரை கண்டக்டராக இருந்த அர்த்தனாரி.

"விமானம்னா ஆபத்துன்னு நாலு வார்த்தை சொல்லுடா. போதும்."

"நான் விமானத்துக்கு எங்கீங்கண்ணா போனேன்? எனக்கு நம்ம வண்டிதான் தெரியும்."

"எதையாவது சொல்லு!"

அர்த்தனாரி காபியை வாங்கிக்கொண்டு தொடங்கினான். "தரையில ஓடுற வண்டியே ஆபத்துங்கக்கா. ஆகாசத்துல போறதக் கேக்கணுமா? நம்ம வண்டி அன்னைக்கு நாப்பதாவது வளைவுல பிரேக் புடிக்காம..."

"நாப்பத்திரண்டு," என்றாள் பொன்னாயி.

"ஆமாங்க, நாப்பத்திரண்டு. அப்புறம் மேல இருந்த பலாப்பழம் சரிஞ்சு, பின்னாடி பைக்குல வந்தவன் மடியில..."

"மடியில இல்ல. பெட்ரோல் டாங்கி மேல."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடிய மாசம், அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிய நாள் என்று அர்த்தனாரி அடுக்கிக்கொண்டே போனான். பொன்னாயி இடையிடையே திருத்தினாள்.

காளியண்ணனுக்குக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. அத்தனை வருஷம் அவர் வண்டியிலேயே உட்கார்ந்து வந்தவளுக்குத்தானே இவ்வளவு ஞாபகம் இருக்கும்!

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெருமாயி வந்தாள். செல்போன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போய் நாலு பேரைக் கூட்டி வந்தாள். மிளகு காயவைத்த பாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

'சாப்பாட்டு வண்டி உருண்டு பயணியின் முழங்காலில் இடித்தது.'

"அய்யோ சாமி! இன்னொன்னு வைங்கண்ணா," என்றாள் பெருமாயி.

செல்போனில் சார்ஜ் தீரும்வரை கேட்டார்கள். முடிவில், இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் ஓட்டுகிற வண்டியில் தாராளமாகப் போகலாம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. காளியண்ணனை வழியனுப்ப ஊரே வருவதாகவும் பேச்சு.

கடைசியாக மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்கவே முடியல. பேசாம டிக்கெட்ட..."

"இதுக்கு எதுக்குங்கப்பா கவலை? வீல்சேருக்குச் சொல்லிர்றேன். வாசல்லயே வந்து, சீட்டு வரைக்கும் தள்ளிட்டுப் போயிருவாங்க."

சொன்னபடியே வந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில் காளியண்ணன் வீல்சேரில் உட்காரவைக்கப்பட்டார். எழுந்து ஓடவும் வழியில்லை, முழங்கால் வலி. விமானத்தின் முன்டயரில் வைக்கக் கொண்டுவந்த எலுமிச்சம்பழம் சட்டைப்பையில் முட்டிக்கொண்டிருந்தது. பொன்னாயி டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

காரில் கொண்டுவந்து விட்ட அர்த்தனாரியின் கையைக் காளியண்ணன் பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்டச் சொல்றதுக்கென்னடா. எனக்குப் பயமா இருக்குது. அவளப் பாரு, எப்புடிப் போறான்னு. அத்தனை வருஷம் என்னைய நம்பி எழுபது வளைவும் எறங்குனவ. அதான் பயமே விட்டுப் போச்சு."

அர்த்தனாரி விழித்தான்.

"அக்காவுங்களா? சோளக்காட்டுல நீங்க டீ குடிக்கறப்ப பின்வாசல் வழியா எறங்கி அடுத்த வண்டியிலதானுங்கண்ணா வருவாங்க. நம்ம வண்டியில என்ன ஆச்சுன்னு அப்புறமா எங்கிட்டக் கேட்டுக்குவாங்க."

டெல்லி விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டது.