ஐஸ் மேஸ்திரியின் தொட்டி

வட ஆற்காடு ஜில்லாவில் வெயிலைவிடச் சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மேஸ்திரியின் வாய். ஆம்பூர்ப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் கணக்கெழுதிய காலத்தில், அவரிடம் திட்டு வாங்காதவர் அந்தக் கரையில் யாரும் இல்லை. ஆட்டுத்தோல் விறைத்துப் போனால் செத்துப்போன ஆட்டைத் திட்டுவார். தோலை ஊறவைக்க ஆவாரம்பட்டை கொண்டுவரும் வண்டி தாமதமானால் வண்டிக்காரனை விட்டுவிட்டு மாட்டின் பரம்பரையை இழுப்பார். அவர் எதிரே வருவது தெரிந்தால், முதலாளியே அவசரமாகக் கணக்குப் பார்க்க என் மேஜைக்கு வந்துவிடுவார்.

அந்த வாய்தான் அவருடைய ஒரே மகள் மங்காவின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது. கலியாணப் பந்தியில் சம்பந்தி, நாட்றம்பள்ளிப் பக்கத்து விவசாயி, "வடை ஆறிப்போச்சே" என்று சும்மா சொல்லிவைத்தார். "சூடா வேணுமா?" என்று கேட்ட மேஸ்திரி, அடுப்படியிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட வடைக்கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்துவிட்டார். சம்பந்தி வேட்டியை உதறிக்கொண்டு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார். கழுத்தில் தாலியோடு மங்கா அப்பன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் மேஸ்திரியை அரித்துத் தின்றது.

இந்த நிலையில்தான் அவருக்கு ஐஸ் ஞானம் பிறந்தது. ஒருநாள் கோபத்தில் தோல் தேய்க்கிற கல்லை எட்டி உதைத்துக் கால் வீங்கிவிட்டது. ரயிலடி சோடாக் கடைக்கு மதராஸிலிருந்து உமி போட்டுச் சாக்கில் கட்டி ஐஸ் வரும். கடைக்காரர் ஒரு துண்டை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டு, அதில் காலை வைக்கச் சொன்னார். மேஸ்திரி காலை வைத்தார், கண்ணை மூடினார், வெகுநேரம் யாரையும் திட்டவில்லை. கடைக்காரர் பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போனதும் கண்ணைத் திறந்து, "கிளார்க்கு, காலு வச்சதுக்கே கோவம் முட்டி வரிக்கும் எறங்கிடுச்சி. ஆளே உக்காந்தா இன்னா ஆவும்?" என்றார்.

இன்னா ஆகும்? என் உயிர் போகும். அதுதான் ஆயிற்று. டேனரிக்குப் பின்னால், அவர் வீட்டை ஒட்டிக் கிடந்த பழைய மரத்தொட்டியில் தினமும் காலையில் ஐஸ் போட்டுக் கழுத்தளவு உட்கார ஆரம்பித்தார். ரயிலடியிலிருந்து ஐஸ் கொண்டுவரும் உத்தியோகம் எனக்கு. மெட்ரிகுலேஷன் படித்துவிட்டு, சட்டை முழுக்க உமியோடு, சொட்டுகிற சாக்கைச் சுமந்துகொண்டு நான் கடைத்தெரு வழியாக ஓடுவேன். "கிளார்க்கு சார், சர்பத் எப்போ?" என்று வழியெல்லாம் கேட்பார்கள்.

தொட்டியில் உட்கார்ந்தால் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டுமாம். வருகிற மூச்சு, போகிற மூச்சு. அந்த நேரத்தில் டேனரியில் ஒருவன் இருமக் கூடாது. "எவன்டா அங்க மூச்சு வுடறது? என் மூச்சு எனக்கே கேக்கல" என்று தொட்டியிலிருந்து சத்தம் வரும். என்னையும் ஒருநாள் பிடித்து உள்ளே இறக்கினார். மூச்சைப் பார் என்றார். மூச்சு இருந்தால்தானே பார்ப்பதற்கு.

இதில் இன்னொரு பேஜார். அது பல வருஷம் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய தொட்டி. கொஞ்ச நாளில் மேஸ்திரி கழுத்துக்குக் கீழே எங்கள் சரக்கின் நிறத்துக்கே வந்துவிட்டார். "நம்ம மேஸ்திரி பதமாய்ட்டாரு, மூட்ட கட்டி அனுப்பிடலாம்" என்று ஆட்கள் ரகசியமாகச் சிரித்தார்கள். ஞானமோ மதியம் வரைதான் தாங்கியது. வெயில் ஏறியதும் பழைய வாய் திரும்பிவிடும்.

அப்போதுதான் சம்பந்தியிடமிருந்து சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வருவார். மேஸ்திரி மரியாதையாக நடந்துகொண்டால் பெண்ணை அழைத்துப் போவார். இன்னொரு தடவை வாய் நீண்டால் பையனுக்கு வேறு இடம் பார்ப்பார். அன்று மாலை மங்கா என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, நைனா அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்தா போதும். ஐஸு மட்டும் ஜாஸ்தியா வாங்கினு வந்துடுங்க."

ஞாயிறு காலை முதல் ரயிலில் முழுப் பாளமே இறக்கினேன். தொட்டியைக் கழுவி நிரப்பும் வரை அதைச் சுவர் தடித்த உப்பறையில் வைத்து, பச்சைத்தோலுக்கு உப்புப் போடும் முனுசாமியைக் காவல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஐஸின் மேல் உப்பு மலையாகக் குவிந்திருக்கிறது.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

"கெட்டுப்போவாம இருக்கத்தான் சார். என் கையால உப்பு பட்ட தோலு இதுவரிக்கும் கெட்டதில்ல."

வாதாட நேரமில்லை. உப்போடு சேர்த்தே தூக்கித் தொட்டியில் போட்டோம். உப்புச் சேர்ந்தால் ஐஸின் குளிர் எந்த மட்டுக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்று நான் லீவு போலிருக்கிறது.

மேஸ்திரி இறங்கினார். வழக்கமான அதட்டல் வரவில்லை. ஞானம் முற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் உதடு நாவற்பழ நிறத்தில் இருக்கிறது. அலறியடித்து நானும் முனுசாமியும் அவரைத் தூக்கி, வேட்டி சுற்றி, வெயிலில் பெஞ்சுமேல் உட்காரவைத்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

சம்பந்தி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "இன்னா சம்பந்தி, இன்னிக்கு வட சூடா இருக்குதா?"

மேஸ்திரியின் கண் சிவந்தது. வாய் திறந்தது. பல் கிட்டி, "டடடட" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சம்பந்தி விடவில்லை. பந்தியில் பட்ட அவமானம், ஊரில் பட்ட அவமானம், தோல் நாற்றம், மேஸ்திரியின் முன்னோர்கள் என்று வரிசையாகக் கொட்டினார். கதவோரம் நின்ற மங்கா முகத்தை மூடிக்கொண்டாள். மேஸ்திரி இரண்டு கைகளையும் தூக்கினார். சம்பந்தியின் கழுத்தை நெரிக்கத்தான் தூக்கினார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் நடுக்கத்தில் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டன. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது.

சம்பந்தியின் பேச்சு பாதியில் நின்றது.

"ஐயோ, இன்னா இது, கும்பிட்டுக்கினு? பெரிய மனுசன் அழலாமா? கைய எறக்குங்க." அந்தக் கைகளைப் பிடித்தவர் திடுக்கிட்டார். "உடம்பெல்லாம் சில்லுனு கீதே. இவ்ளோ மனசு நொந்தா கெடக்கறீங்க?" தன் மேல்துண்டை எடுத்து மேஸ்திரிக்குப் போர்த்தினார். "போனது போவட்டும். பொண்ண இன்னிக்கே அழச்சினு போறேன்."

மங்கா பெட்டி கட்டி வண்டியில் ஏறுவதற்குள் வெயில் தன் வேலையைச் செய்துவிட்டது. மேஸ்திரியின் தாடை அசைவதைப் பார்த்தேன். அவர் எழுந்து வண்டியை நோக்கி நடந்தார். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். சம்பந்தி தன்னையறியாமல் இரண்டு கையாலும் மடியைப் பொத்திக்கொண்டார்.

"சம்பந்தி," என்றார் மேஸ்திரி. "அவளுக்கு இருட்டுன்னா பயம். ராத்திரில வெளக்க மட்டும் அணைக்காதீங்க."

சம்பந்தி தலையாட்டினார். வண்டி புறப்பட்டது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் மேஸ்திரி அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றார். முனுசாமி கிட்டே போய் உப்பு விஷயத்தைச் சொன்னான். "சரி, போ" என்றார். திட்டவில்லை.

அந்த மனிதரால் நான் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் அப்படி வாயடைத்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை ஐஸ் வாங்கிவர அவர் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து பழைய அதட்டல் கேட்டால் போதும் என்று நானாகத்தான் ரயிலடிக்குப் போனேன்.