குடை நானாவின் மடக்கு விமானம்

வானிலை அறிக்கை கேட்டுக் கோபப்பட்டு விமானம் கட்டத் தொடங்கியவர் இந்த இலங்கையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குடை நானா.

மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கண்டி மார்க்கெட் ஓரமாக உட்கார்ந்து குடை திருத்துவார். மழை என்று ரேடியோ சொன்ன அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தும். ஒரு குடையும் வராது.

"கீழ ஈந்து பாத்தா மேகத்துட வயிறுதான் மாஸ்டர் தெரியும். மேல போய் முதுகப் பாக்கணும்" என்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொல்வார்.

அதற்காகத்தான் அறுபதாயிரம் அடி உயரம் போகும் ஆராய்ச்சி விமானம். எலும்புக்குக் குடைக்கம்பி, சிறகுக்குக் குடைத்துணி, கலியாணப் படம் பிடிப்பவர் ஒருவர் தூக்கிப்போட்ட ட்ரோனின் மோட்டாரும் ரிமோட்டும். ஒரு சிறகு கறுப்பு, மற்றது பூப்போட்டது.

கேமராவுக்கு, மனைவியின் போனைச் சொல்லாமல் எடுத்து விமானத்தின் வயிற்றில் கட்டிவிட்டார். கட்டாரில் இருக்கும் மகள் அந்தப் போனில்தான் தினமும் முகம் காட்டுவாள்.

"நானா, இது விழுந்து உடைஞ்சா?"

"பொறகு நான் மடவளைக்குப் போக ஏலா. ஒங்கட வூட்டுலதான் படுக்கணும்."

அந்த நிமிடத்திலிருந்து விமானத்தின் பாதுகாப்பில் எனக்கும் அக்கறை வந்துவிட்டது.

அம்பிட்டியவில் என் வீட்டுக்கு மேலே உள்ள மேட்டில், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளோட்டம். பூசைக்கு வந்த பாதிப் பேர் அங்கே நின்றார்கள். நானா கக்கத்தில் ஒரு சின்னக் கட்டோடு பஸ்ஸால் இறங்கினார்.

"சிறகு எங்க நானா?"

பொத்தானை அமுக்கினார். டக்கென்று இரண்டு பக்கமும் விரிந்தது. நீட்டுச் சிறகைக் கண்டக்டர் ஏற்ற மாட்டாரே என்று, மடக்குக் குடையின் பூட்டைப் போட்டிருந்தார்.

"அமெரிக்காக்காரனுக்கும் இந்த யோசன வரல்ல."

பிஸ்மில்லா சொல்லிப் பறக்க விட்டார். ஏறியது. பலாமரத்தையும் தாண்டி ஏறியது. நாங்கள் கைதட்ட, நானாவின் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மலைக்காற்று அடித்தது. பெருங்காற்றில் கம்பி முறியாமல் குடை தானாக மடங்க வேண்டும் என்பது அவருடைய தொழில் பெருமை. விமானமும் அந்தப் பெருமையைக் காப்பாற்றியது. இரண்டு சிறகையும் ஒழுங்காக மடக்கிக்கொண்டு மூக்குக் குத்த இறங்கியது.

எல்லோரும் சிதறி ஓடினோம். நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்தேன். நானா மட்டும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குக் கீழே ஓடினார். நல்லகாலம், உள்ளே காற்சட்டை இருந்தது. விமானம் பொத்தென்று சாரத்துக்குள் விழுந்தது. போனில் ஒரு கீறல்கூட இல்லை.

"தலையில விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் நானா? ஒரு போனுக்காகவா இந்த ஓட்டம்?" எனக்கு உண்மையாகவே கோபம்.

மூச்சு வாங்கிக்கொண்டே போனைத் துடைத்தார். "அதுக்குள்ளதானே மாஸ்டர் புள்ள ஈக்கிறா."

இப்போது இரண்டாவது விமானம் கட்டுகிறார். அதில் பூட்டு இல்லையாம். பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்று இன்னும் யோசிக்கவில்லை. அவர் திருத்திய என் குடையோ உடைவதே இல்லை. அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால், நானே ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு போகிறேன்.