ஹால் சுவரில் நான் விட்ட விரிசல்

விரிசலை அழகு என்று சொன்னால் அடிக்க வருகிற ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர் ஆயிற்றே. டீ கொடுத்தால்கூடக் கோப்பையை விரலால் சுண்டி, சத்தம் சரியாக இருந்தால்தான் வாயில் வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் முதல் டிசைனுக்கு நான் தேர்ந்தெடுத்தது விரிசல். (புத்தி அப்படி.)

துணி வடிவமைப்புப் படித்துவிட்டு வந்த புதிது. செராமிக் பட்டறை வைத்திருக்கும் மாமா புது வீடு கட்டியிருந்தார். திரை, விரிப்பு என்று வீட்டுத் துணியெல்லாம் உன் பொறுப்பு என்றார். சரியாக வராவிட்டால் அவர் பட்டறையில் பேக்கிங் வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா நிபந்தனை போட்டார். இயற்கையிலிருந்து எடு என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூவும் மயிலும் மற்றவர்களுக்கு இருக்கட்டும் என்று, பட்டறை முற்றத்தில் காய்ந்து வெடித்துக் கிடந்த களிமண்ணைப் படம் எடுத்து வந்தேன். மூன்று மாதம் வரைந்தேன். அந்தக் கோடுகளை, சுவரின் அதே வெள்ளையில் இருந்த ஒரு பெரிய துணியில் அச்சடித்து, ஹால் சுவர் முழுக்க இழுத்து ஆணியடித்தேன். ஒரு சுருக்கம் கிடையாது. அந்தத் திறமைதான் வினையானது.

கிரகப்பிரவேசத்தன்று காலை நான் புடவை கட்டப் போனேன். (எனக்கு அது ஒரு மணி நேர வேலை.) வந்த சொந்தக்காரர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, இந்த வீடு தாங்காது என்று குசுகுசுத்திருக்கிறார்கள். யாரோ வீட்டைக் கட்டிய வேப்பூர் மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டார்கள். பெயர் கெட்டுவிடுமே என்று பைக்கில் பறந்து வந்த மனுஷன், தொட்டுக்கூடப் பார்க்காமல், விரிசல் அடைக்கிற பட்டியைக் கலந்து பூச ஆரம்பித்துவிட்டார். நான் வந்தபோது என் உழைப்பில் கால்வாசியைக் காணோம். துணி கிழிந்து கொத்துக் கரண்டியோடு வந்த பிறகுதான் நிறுத்தினார்.

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

“விரிசல் வுட்ட கப்ப நாங்க ஒடைச்சிக் குப்பையில போடுறோம். நீ அத எடுத்தாந்து என் வூட்ல மாட்டி வெச்சிருக்க. கழட்டும்மா.”

“கழட்ட மாட்டேன் மாமா. அது நான் போட்ட கோடு. வேணாம்னா நீங்களே கழட்டிக்குங்க.”

கழற்றினார். நாளையிலிருந்து என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடமும் சொன்னார். நான் போகவில்லை. துணியைப் பட்டியோடு சுருட்டிக்கொண்டு வந்து என் அறையில் மாட்டினேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அழுதேன்தான், ஆனால் இறங்கிப் போகவில்லை.

இன்றைக்கும் சொந்தத்தில் யார் வீட்டுச் சுவர் வெடித்தாலும் முதல் போன் எனக்குத்தான். “ஒன் டிசைன் வந்துருக்குது, வந்து பாத்துட்டுப் போ” என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் போகிறேன், கேமராவோடு. கருவேப்பிலங்குறிச்சி அத்தை வீட்டுக் குளியலறைச் சுவர்தான் இப்போது என்னிடம் அதிகம் விற்கும் படுக்கை விரிப்பு. போன தீபாவளிக்கு மாமாவும் அதில் ஒன்று வாங்கிப் போனார், கொடி நல்லா படர்ந்திருக்குது என்று. அது என்ன கொடி என்பதை, அவர் அதில் ஒரு வாரம் படுத்துத் தூங்கிய பிறகுதான் சொன்னேன்.