கடைத்தெருவைப் பூட்டிய கத்தல்

எனக்குப் பாட வராது. இதைச் சொல்ல அன்றும் வெட்கமில்லை, இன்றும் வெட்கமில்லை. பேய்ப் பாட்டுப் பாடும் பங்க் இசைக் குழுவுக்கு இனிமையான குரலா முக்கியம்? தொண்டை இருந்தால் போதும்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அப்படி இரண்டு குழுக்கள் இருந்தோம். நாங்கள் 'பிரேதப் பெட்டி'. சேகரும் அவன் கூட்டாளிகளும் 'மோகினி' (மூன்று பேருக்கும் மீசை). முகம் முழுக்கப் பவுடர், கண்ணைச் சுற்றி மை. "ஊரில நடக்கிறது காணாதெண்டு பேயும் வேணுமோ?" என்று அம்மா கேட்பார். "பேய் அடையாள அட்டை கேக்காதம்மா" என்பேன்.

இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு கசெற் போட்டோம். முதல் பக்கத்தில் சேகருடைய 'சுடலையில் எனக்கொரு கதிரை' பாட்டை நாங்கள் பாடினோம். மறுபக்கத்தில் எங்களுடைய பாட்டை அவர்கள். அவன் அந்தப் பாட்டைத் தாலாட்டு மாதிரி முனகுவான். நான் அதன் தொடக்கத்திலேயே ஒரு நீண்ட அலறலைச் சேர்த்தேன். துறைமுகத்தடியில் வெறுமையாகக் கிடந்த ஐஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். வெளியே ஒரு சத்தமும் போகவில்லை. எங்கள் முன்யோசனையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அந்த மூளை மறுநாள் எங்கே போனதோ தெரியாது. கடைத்தெருவில் ரெக்கோடிங் கடை வைத்திருந்த நசீர் நானாவிடம் கொப்பி எடுக்கக் கொடுத்தோம். "நானா, ஒருக்காப் போட்டுப் பாருங்களன்" என்றேன். அவருடைய ஸ்பீக்கர் வாசலில் தெருவைப் பார்த்துத் தொங்கியது.

என் அலறல் கேட்டதும் எதிரே இருந்த புடவைக்கடைக்காரர் ஷட்டரை இழுத்தார். அந்தக் காலத்தில் ஒரு ஷட்டர் விழுந்தால் பக்கத்துக் கடைக்காரர் காரணம் கேட்கமாட்டார், தன்னுடையதையும் இழுத்துவிடுவார். மீன் சந்தை வரை பூட்டியாயிற்று. நிலாவெளி பஸ் வந்த வழியே திரும்பியது. பாட்டு இரண்டாவது வரிக்கு வந்தபோது கேட்க ஆளில்லை.

பிறகு வந்தவர்கள் ஆமிக்காரர்கள்தான். சார்ஜன்ட் நானாவின் கையைப் பிடித்தார். "யாரைக் கொலை செய்தது? இந்தக் கசெற், நீ, ரெண்டும் காம்புக்கு வா."

"ஐயோ சேர், இது பாட்டு சேர்!" என்றார் நானா. (அதைப் பாட்டென்று நம்பாத முதல் ஆள் சார்ஜன்ட் இல்லை.)

முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமில்லை அது. சேகர் சுவரோடு சுவராக நின்றான். ஆனால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. அது என் குரல். அதற்காக நானா ஏன் போகவேண்டும்?

"அது நான் கத்தினது" என்றேன்.

சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லிக்குச்சி, இரட்டைப் பின்னல். "பொய். உனக்கு ஏலாது. கத்து, பாப்பம்."

கத்தினேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு நின்ற அத்தனை செக்பொயின்றுக்கும் சேர்த்துக் கத்தினேன். சார்ஜன்ட் நானாவின் கையை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினார். என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கப் பாதி தூக்கியிருந்த ஷட்டர்களெல்லாம் மறுபடி சடசடவென்று விழுந்தன.

"போதும், போதும்! எல்லாரும் வீட்டுக்குப் போ!" என்றார். கசெற்றை அவர் தொடக்கூட இல்லை.

சேகரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். இன்றும் நான் குரலை உயர்த்தினால் அவர் எழுந்துபோய் யன்னல்களைச் சாத்துவார். "அம்மா கடை பூட்டுறா" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதே பாட்டை அவரும்தான் ஊரெல்லாம் பாடித் திரிந்தார். ஒரு பெட்டிக்கடைகூடப் பூட்டவில்லை.