பதினோராயிரம் படி இறங்கிய படலம்

நினைவகத்தின் எல்லை அறிந்தோளும், பிழைச்செய்தி கண்டு கண்கலங்காதோளும், அடுக்குமாடிக் குடியிருப்பின் இணையப் பலகையைச் சம்பளமின்றிக் காத்து நிற்போளுமாகிய மருமகளின் பத்து விரல்களும் வாழ்க!

மாடிப்படியில் செருப்பு விடலாகுமோ என்னும் பெருவினா குறித்து, அவள் மாமியாருக்கும் மேல்வீட்டு ஓய்வுபெற்ற எழுத்தருக்கும் அப்பலகையில் மூண்ட சொற்போர், பதிலின் கீழ்ப் பதில், அப்பதிலின் கீழ் மறுபதில் என்று ஆறாண்டில் பதினோராயிரம் படி ஆழம் இறங்கிற்று. மூன்று வாரமாக அப்பலகையின் பக்கமே திறக்கவில்லை.

"அந்தாளு வாயடைச்சுப் போயிட்டாரு. கடைசி வார்த்தை என்னுதுதான். சாயந்திரம் குடியிருப்போர் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டியே ஆகணும்!" என்று முரசறைந்தார் மாமியார்.

களம் புகுந்தாள் மருமகள். ஒவ்வொரு பதிலையும் பாதியில் நிறுத்தி, 'திரும்பி வருவேன்' என்றொரு குறிப்பை நினைவகத்தின் அடுக்கில் வைத்துவிட்டு, தன்னைத்தானே மறுபடி அழைத்துக்கொண்டு அடுத்ததற்குள் இறங்குவது, பதில்களை வரிசையாய்க் காட்ட அவள் எழுதிய கணினி நிரலின் குலவழக்கம். குறிப்பின்மேல் குறிப்பேறி, கார்காலத்து ஏரிபோல் அடுக்கு நிரம்பி வழிய, நிரல் வேரற்ற மரமெனச் சாய்ந்தது. அடுக்கைப் பெரிதாக்க முயன்றாள். பலகையைத் தாங்கிநின்ற, இலவசமாய் வாய்த்த இரவல் கணினி அதற்கு இடந்தர இரங்கவில்லை. மீண்டும் ஓட்டினாள்; மீண்டும் சாய்ந்தது.

"ஆச்சாம்மா?"

"இருங்க அத்தை, இறங்கிட்டே இருக்கேன்."

பல்லைக் கடித்தாள் வீராங்கனை. தன்னைத்தானே அழைக்கும் அக்குலவழக்கை வேரோடு களைந்தெறிந்து, ஒரு பட்டியலையும் ஒரு சுழற்சியையும் படைத்தாள். பட்டியலில் ஒன்றை எடு, திரையில் காட்டு, அதன் கீழுள்ளதைப் பட்டியலில் சேர், மறுபடி வா. குறிப்பு குவியவில்லை, அடுக்கு அசையவில்லை. ஆயிரம் கடந்தது, ஐயாயிரம் கடந்தது, மாமியாரின் இறுதிக் கணை கடந்தது. அதன் கீழே, எவர் கண்ணும் படாமல், மூன்று வாரம் முன்பு வந்து அடுக்கை வழியவைத்த, எழுத்தரின் ஒற்றைப் பதில் கிடந்தது:

"நீங்க சொன்னதுதாம்மா சரி. செருப்பை உள்ள எடுத்து வெச்சுட்டேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார் மாமியார். பகையிழந்த வேந்தர்போல் நாற்காலியில் அமர்ந்தார்.

"பாவி மனுஷன், இப்படிப் பண்ணிட்டாரே" என்றார்.

மருமகள் போய்த் துணி காயப்போட்டாள்.