துரை வீட்டு மருந்து

இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த இராமையா, இனி அந்தியானால் தானும் துரை மாதிரி ஒரு கிளாஸ் போடுவது என்று முடிவு கட்டிவிட்டார். சீமைக்குக் கப்பலேறிய துரை, மிச்சமிருந்த ஜின் போத்தலையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பக்குவம் சொல்லிக் கொடுத்தது பங்களாச் சமையல்காரன் செல்லச்சாமி. கிளாஸில் கசப்பை நாலு சொட்டு விட்டு உருட்டி, மேலே ஜின்னை ஊற்றினால் ரோசா நிறத்தில் நிற்குமாம். இராமையா அதுவரை ஜின்னை முகர்ந்துகூடப் பார்த்தவரில்லை. இந்த லட்சணத்தில் துரைத்தனம்.

மனைவி மங்களேஸ்வரிக்குச் சாராய வாடையே ஆகாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"இது மருந்து புள்ள. வயித்துப் பொருமலுக்கு. துரையே சாப்பிடுறது."

"பேரு என்னங்க?"

"பிட்டர்."

"பட்டரா? அது ரொட்டிக்குப் பூசுறதாச்சே."

"பட்டர் இல்ல, பிட்டர். கசப்பு."

"அப்ப அந்தப் பெரிய போத்தலு?"

"அது அனுபானம். மருந்தக் கலந்து குடிக்கிறதுக்கு."

"மருந்துன்னா குளிச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்று மங்களேஸ்வரி வெந்நீர் எடுத்து வைத்தாள்.

குளித்து வந்து கலந்து குடித்தார். முகம் கோணியது. பிறகு தலை இதமாகச் சுற்றியது. ஏறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் இல்லாத யாரையோ இங்கிலீஷில் திட்டினார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உப்பில்லாக் கஞ்சி.

"கருவாட்டுக் கொழம்பு வாசம் வந்துச்சே?"

"அது புள்ளைங்களுக்கு. மருந்து சாப்பிடுறவுங்க பத்தியம் காக்க வேணாமா? உப்பு, புளி, கவிச்சி எதுவும் ஆகாது."

அவர் சொன்ன மருந்துக்கு அவர்தானே பத்தியம் இருக்க வேண்டும். வாரம் முழுக்க அந்தியில் துரையாகவும் சாப்பாட்டு நேரத்தில் நோயாளியாகவும் காலம் தள்ளினார். போத்தல் மட்டும் குறையவே இல்லை. சீமைச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பலாபத்வலயிலிருந்து மச்சான் அழகுமுத்து காட்டுக்கோழியோடு வந்து இறங்கினார். குசினியில் மிளகும் கராம்பும் வதங்கின. காட்டுக்கோழி என்றால் இராமையாவுக்கு உயிர். மச்சான் இலையில் ஒவ்வொரு துண்டாக விழுவதைக் கஞ்சியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் உடைந்துபோனார்.

"புள்ள, அது மருந்தே இல்ல. சாராயந்தான். பத்தியத்த விடு, ஒரு துண்டு வையி."

"தெரியுங்க. மொத நாளு நீங்க குளிக்கப் போனப்பவே மோந்து பாத்துட்டேன். நீங்க குடிச்சதெல்லாம் நான் தெனமும் அவிச்சு ஊத்துன கொத்தமல்லித் தண்ணி."

"அப்ப எனக்கு ஏறுன போதை?"

"அது நீங்களா ஏத்திக்கிட்டது."

"ஜின்னு எங்க புள்ள?"

"அண்ணன் காட்டுக்கோழிய சும்மாவா புடிச்சிட்டு வந்தாரு?"

இராமையா சட்டியை எட்டிப் பார்த்தார். வெறும் மசாலாதான் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி எலும்பை உறிஞ்சி முடித்த அழகுமுத்து ஓர் ஏப்பம் விட்டார்.

"நல்ல மருந்து மச்சான். பத்தியமே கேக்கல."